போன துணி திரும்பி வர வேண்டும்

ஒரு சாணும் ஒரு விரற்கடையும் இருக்கும் அதன் நீளம். கத்தரிக்கோலில் இருப்பதுபோல விரல் நுழைக்க இரண்டு வளையங்கள், நீண்ட இரண்டு கால்கள், நுனியில் முட்டை வடிவத்தில் நடுவே திறந்த இரண்டு வளையங்கள். நுனி வளையங்களின் உட்பக்கத்தில் குறுக்காக மெல்லிய வரிகள் ஓடும். பிடிக்கு அருகே பூட்டுப் பற்கள். அமுக்கினால் 'டக், டக்' என்று ஒவ்வொரு பல்லாக ஏறிப் பூட்டிக்கொள்ளும். அறுவை அரங்கில் நாங்கள் இதை 'ஸ்பாஞ்ச் ஹோல்டர்' என்போம். நம் ஊர்ப் பாடப்புத்தகங்களில் ராம்ப்ளியின் பெயரோடு வரும். அமெரிக்கப் புத்தகமானால் ஃபோர்ஸ்டரின் பெயரோடு வரும்.

1983-ல் தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் தியேட்டர் டியூட்டிக்குப் போன முதல் நாள் என் கையில் கொடுக்கப்பட்ட முதல் கருவி இதுதான். எந்த அறுவையிலும் நோயாளியின் உடம்பை முதலில் தொடுவது கத்தி என்று வெளியில் உள்ளவர்கள் நினைப்பார்கள். அதற்கு முன்பே இந்த இடுக்கி ஒரு துணிச் சுருளைக் கவ்விக்கொண்டு, மருந்தில் முக்கி, வெட்டப்போகும் இடத்திலிருந்து வட்டம் வட்டமாக வெளியே நோக்கித் தோலைத் துடைத்துவிடும். தையல் போடும் நேரத்தில் உள்ளே கசியும் கடைசி ரத்தத்தை ஒற்றி எடுப்பதும் இதே இடுக்கிதான். 34 ஆண்டுகள் இதோடு இருந்தேன். கருவியின் உருவம் இந்த ஆண்டுகளில் இம்மி அளவுகூட மாறவில்லை. அது பிடிக்கும் பொருளும், அதைச் சுற்றியுள்ள பழக்கங்களும்தான் அடியோடு மாறிவிட்டன.

'ஸ்பாஞ்ச்' என்ற பெயரே பழங்கதை. இன்று அந்த வளையத்தில் ஏறுவது பருத்திக் காஸ் துணி. ஒரு காலத்தில் ஏறியது, அல்லது வெறும் கையிலேயே பிடிக்கப்பட்டது, கடற்பஞ்சு. கிரேக்கத்துக் காலிம்னோஸ் தீவு போன்ற இடங்களில் ஆட்கள் கடலுக்கு அடியில் மூழ்கி அறுத்துவந்த உயிரினம் அது. 1860-களில் காற்றுக்குழாய் பொருத்திய மூழ்கு உடை வந்தபின் அவர்கள் இன்னும் ஆழத்துக்குப் போனார்கள். அழுத்த மாற்றம் தாங்காமல் செத்தவர்களும் கைகால் விழுந்தவர்களும் ஏராளம். அப்படி வந்த பஞ்சு ஐரோப்பிய மருத்துவமனைகளில் என்ன பாடுபட்டது என்பதை லண்டன் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஃபிரெடெரிக் டிரீவ்ஸ் 1923-ல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அவர் இளைஞராக இருந்தபோது ஒரு வார்டுக்கு ஒரே பஞ்சு, ஒரே தண்ணீர்ப் பாத்திரம். நாளுக்கு இருமுறை அந்த ஒரே பஞ்சால் எல்லா நோயாளிகளின் புண்களையும் வரிசையாகக் கழுவுவார்களாம். முதல் படுக்கையின் சீழ் கடைசிப் படுக்கை வரை போய்ச் சேரும். படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு புண்ணைக் காக்கும் முறையை 'லான்செட்' இதழில் எழுதியது 1867-ல். அதே ஆண்டில் நம் மொழியில் ஒரு பெரிய காரியம் நடந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், ட்ரூயிட் என்பவரின் அறுவை நூலைத் தமிழாக்கி 'இரண வைத்தியம்' என்று வெளியிட்டார். கிருமி பற்றிய அறிவு உலகத்துக்கே அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் அறுவை மருத்துவம் தமிழில் அச்சாகியிருந்தது. தியேட்டருக்குள் நாங்கள் ஸ்பாஞ்ச், மாப், காஸ் என்றே பேசிப் பழகினோம். இந்த நூலைப் பற்றி எங்கள் பயிற்சிக் காலத்தில் ஒருவரும் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

பஞ்சைக் குச்சியில் ஏற்றித் துடைக்கும் எண்ணம் இன்னும் பழையது. பழங்கால மருத்துவர் சுசுருதர் தம் கருவிப் பட்டியலில் சுத்தம் செய்வதற்கென்றே ஆறு சலாகைகளைச் சொல்கிறார். தலையில் பருத்தியால் முண்டாசு கட்டிய கம்பிகள் அவை. முண்டாசு என்ற உவமை அவருடையதே. கை நுழையாத இடத்தில் துணி மட்டும் நுழைய வேண்டும் என்ற தேவை அன்றே இருந்தது. ஆனால் முண்டாசு அவிழ்ந்தால்? அந்தக் கேள்விக்கு விடையாக வந்ததுதான் பூட்டுப் பல் வைத்த இடுக்கி. 19-ஆம் நூற்றாண்டில் பாரிசில் ஷாரியேர் போன்ற கருவிக் கம்மியர்கள் பூட்டைச் செம்மையாக்கினார்கள். விரலை எடுத்தாலும் பிடி விடாது என்றானதும் மருத்துவரின் கை விடுதலை பெற்றது.

அந்தக் காலத்து அறுவைக் கருவிகளுக்கு யானைத் தந்தத்திலும் கருங்காலியிலும் கைப்பிடி போட்டார்கள். பார்க்க அழகு. கொதிக்க வைத்தால் வெடித்துவிடும். 1880-களில் நீராவியால் கிருமி நீக்கும் பழக்கம் வந்ததும் தந்தமும் மரமும் போயின. கருவிகள் முழுக்க உலோகமாயின. நிக்கல் பூசிய எஃகு வந்தது. பூச்சு உரிந்த இடத்தில் துரு ஏறியது. 1913-ல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகைக் கண்டபின் அந்தத் தொல்லையும் தீர்ந்தது. ஜெர்மனியின் டுட்லிங்கனும் பாகிஸ்தானின் சியால்கோட்டும் இன்று இந்தக் கருவிகளுக்குப் பேர்போன ஊர்கள். சியால்கோட்டில் மிஷன் மருத்துவமனைக்காரர்கள் உடைந்த கருவிகளைப் பழுது பார்க்க உள்ளூர்க் கொல்லர்களிடம் கொடுத்ததில் தொடங்கிய தொழில் அது.

என் தொடக்க காலத்துத் தியேட்டரைச் சொல்கிறேன். காஸ் துணி பெரிய சுருளாக வரும். ராஜபாளையத்துக்கு அருகே சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் விசைத்தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி எங்கள் பக்கத்து மருத்துவமனைகளுக்கெல்லாம் போகும். அந்த ஊர்களைப் பஸ்ஸில் கடக்கும்போது தறிச் சத்தம் கேட்கும். வெயிலில் துணி வெள்ளை வெளேரென்று காயும். மாலையில் அறுவைகள் முடிந்தபின் நாங்களும் ஆயாம்மாக்களும் வட்டமாக உட்கார்ந்து அந்தத் துணியை வெட்டி மடிப்போம். வெட்டிய ஓரம் உள்ளே போக வேண்டும்; நூல் ஒன்றுகூட வெளியே நீட்டக் கூடாது. நீட்டினால் அது நோயாளியின் வயிற்றில் உதிரும். ஹெட் சிஸ்டர் ஒவ்வொரு கட்டையும் பிரித்துப் பார்ப்பார். ஒரு மடிப்புப் பிசகினால், "ஏம்மா, உன் அம்மா வயித்துல வைப்பியா இதை?" என்று கேட்பார். அதற்குப் பிறகு மடிப்பு பிசகாது.

வயிற்று அறுவைக்கான பெரிய மாப் துணிகளைத் துவைத்து, கறை போக அலசி, மறுபடி ஆட்டோகிளேவில் வேகவைத்துப் பயன்படுத்தினோம். கையுறைகளையும் கழுவி, ஓட்டை பார்த்து, பவுடர் தட்டிக் காயப்போடுவோம். துணிகள் வட்ட டிரம்மில் அடைபட்டு நீராவிக்குப் போகும். அவசரமென்றால் இடுக்கிகள் கொதிக்கும் நீர்த் தொட்டியில் 20 நிமிடம் கிடக்கும். அயோடினும் ஸ்பிரிட்டும் கலந்த வாசம் புடவை வரை ஏறியிருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்கள், "ஆஸ்பத்திரியா சிஸ்டர்?" என்று கேட்டுவிடுவார்கள்.

இல்லாமையில் பிறந்த பழக்கங்கள் அவை. அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். துவைத்த மாப்பில் கறை போனாலும் நூல் தளர்ந்துவிடும். தளர்ந்த நூல் உதிரும். இன்று ஒருமுறை பயன்படுத்தி எறிவது வீண் செலவு என்று யாராவது சொன்னால், அந்த மாப்பை நான் கையில் பிடித்தவள் என்பதை நினைவுபடுத்துவேன்.

அந்தத் தியேட்டரில் எனக்குக் கற்பிக்கப்பட்ட ஒரு விதி, என் பணியின் கடைசி நாள் வரை மாறவில்லை. வயிறு திறந்தபின் சிறிய காஸ் துண்டு தனியாக உள்ளே போகக் கூடாது. போனால் ஸ்பாஞ்ச் ஹோல்டரில் ஏறித்தான் போக வேண்டும். ஏறியபடியே வெளியே வர வேண்டும். ரத்தத்தில் நனைந்த காஸ் குடலின் நிறத்துக்கு வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தட்டுப்படாது. குடல் மடிப்புக்குள் நழுவினால் தேடி எடுப்பது சேற்றில் மோதிரம் தேடுவது போல. அதனால்தான் சிறு துணிக்கு இந்த நீண்ட கைப்பிடி. பெரிய மாப்புக்கு வேறு ஏற்பாடு: அதில் ஒரு நாடா தைத்திருக்கும், நாடாவின் நுனியில் ஓர் ஆர்ட்டரி இடுக்கியை மாட்டி வயிற்றுக்கு வெளியே தொங்கவிடுவோம்.

எண்பதுகளின் கடைசியில் ஓர் இரவு. அவசர சிசேரியன். ரத்தப்போக்கு அதிகம், மருத்துவர் அடுத்தடுத்துத் துடைக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார். குழந்தை அழுத சத்தத்தில் எல்லோருக்கும் உயிர் வந்தது. மூடும் நேரம் எண்ணினேன். ஒரு துண்டு குறைந்தது. மறுபடி எண்ணினேன். குறைந்தது. பக்கெட்டைக் கவிழ்த்து, ஒட்டியிருந்த துணிகளைப் பிரித்துப் பார்த்தோம். இல்லை. "நீங்க முதல்லயே தப்பா எண்ணியிருப்பீங்க சிஸ்டர்" என்றார் மருத்துவர். அடுத்த நோயாளி வாசலில் காத்திருந்தார். மருத்துவரின் அவசரம் எனக்கும் புரிந்தது. "இல்லை டாக்டர், கணக்கு சரியா இல்லை" என்று சொன்னபோது என் குரல் நடுங்கியது. அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, தையலை நிறுத்தி, கையை உள்ளே விட்டார். கர்ப்பப்பைக்குப் பின்னால் ஆழத்தில் அந்தத் துண்டு இருந்தது.

ஹோல்டரில் ஏறிப் போன துண்டுதான் அது. பூட்டுப் பல் தேய்ந்திருந்தது. உள்ளே இருக்கும்போதே பூட்டு தானாகத் திறந்து, துணி நழுவியிருக்கிறது. பிடி விடாது என்று நம்பிய கருவியே விட்டுவிட்டது. அந்த மருத்துவர் கையுறையைக் கழற்றியபின் என்னிடம் வந்து, "நல்லவேளை சிஸ்டர், பிடிவாதமா நின்னீங்க" என்றார். மறுநாளிலிருந்து ஒவ்வொரு ஹோல்டரையும் முதல் பல்லில் மட்டும் பூட்டி, மேசை விளிம்பில் லேசாகத் தட்டிப் பார்ப்பேன். திறந்துகொண்டால் அது தியேட்டருக்குள் வராது. கருவி பராமரிப்பவர்கள் செய்யும் முறையான சோதனை அது என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது.

உள்ளே தங்கிய துணிக்கு மருத்துவம் ஒரு பெயரே வைத்திருக்கிறது: கோசிப்பிபோமா. பருத்தியைக் குறிக்கும் லத்தீன் சொல்லும், மறைவிடத்தைக் குறிக்கும் சுவாஹிலிச் சொல்லும் சேர்ந்த பெயர். நம் நாட்டில் இது நீதிமன்றம் வரை போன கதையும் உண்டு. 1963 ஜூலையில் அவுரங்காபாத்தில் ஓர் அரசு மருத்துவமனையில், பிரசவம் முடிந்து குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்ட ஒரு தாயின் வயிற்றில் மாப் தங்கிவிட்டது. மறுபடி திறந்து எடுத்தும் அவர் பிழைக்கவில்லை. அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது 1996-ல். வயிற்றுக்குள் துணி கிடந்ததே கவனக்குறைவைப் பேசுகிறது என்று தீர்ப்பளித்த நீதிமன்றம், அரசே பொறுப்பு என்று 36,000 ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்தது. ஒரு துண்டுத் துணிக்காக ஒரு குடும்பம் 30 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது.

என் பணிக்காலத்தின் நடுவில் இன்னொரு திருப்பம் வந்தது. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். அதுவரை ரத்தம் தோய்ந்த துணிகளை நாங்கள் கைபோன போக்கில் அள்ளி எண்ணிக்கொண்டிருந்தோம். கையுறை மிச்சம் பிடிக்க வெறும் கையால் எண்ணியவர்களும் உண்டு. அந்தச் செய்திக்குப் பிறகு, பக்கெட்டிலிருந்து துணியை எடுத்து வரிசையாக விரிக்கவும் ஸ்பாஞ்ச் ஹோல்டரே கைகொடுத்தது. 1998-ல் மருத்துவக் கழிவு விதிகள் வந்தபின் அந்தத் துணிகளுக்கு மஞ்சள் பை என்று இடமும் முடிவானது. நோயாளியைக் காக்க வந்த கருவி எங்களையும் காக்கத் தொடங்கியது அப்போதுதான்.

2003-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் அதுல் கவாண்டேயும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உடம்புக்குள் பொருள் தங்கிப்போன 54 நோயாளிகளின் கதையை அலசினார்கள். தங்கியிருந்தவை 61, அவற்றில் 69 சதவீதம் துணிகள், மற்றவை கருவிகள். அவசர அறுவையில் இந்த ஆபத்து ஏறத்தாழ 9 மடங்கு, நடுவில் அறுவைத் திட்டம் மாறினால் 4 மடங்கு. எனக்கு நெஞ்சு அடைத்தது வேறோர் இடத்தில்: எண்ணிய அறுவைகளில் பெரும்பாலானவற்றில் கணக்கு சரி என்றே எழுதப்பட்டிருந்தது. அவசரம், இரவு, களைப்பு, ரத்தம். என் அந்த இரவும் அந்த ஆய்வுக்குள் இருப்பதுபோல இருந்தது. 2008-ல் உலகச் சுகாதார நிறுவனம் அறுவைப் பாதுகாப்புப் பட்டியலைக் கொண்டுவந்தது. நோயாளி தியேட்டரை விட்டுப் போகுமுன் கருவி, துணி, ஊசிக் கணக்கை நர்ஸ் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. புது தில்லி உட்பட 8 நகரங்களில் சோதித்தபோது அறுவைக்குப் பின்னான இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. வாய்விட்டுச் சொல்வது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் முன்பெல்லாம் மருத்துவர் கேட்டால்தான் நர்ஸ் சொல்வார். இன்று நர்ஸ் சொல்வதற்காக மருத்துவர் நிற்க வேண்டும். தியேட்டருக்குள் நான் கண்ட மாற்றங்களில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

என் தங்கை மகள் இன்று ஒரு தனியார் மருத்துவமனையில் தியேட்டர் நர்ஸ். சென்ற பொங்கலுக்கு வந்திருந்தவள் கைபேசியில் படங்கள் காட்டினாள். "பெரியம்மா, இப்ப யாரும் காஸ் மடிக்கிறதில்ல. அஞ்சு அஞ்சா கட்டி, ஸ்டெரைல் பாக்கெட்டா வருது. பாருங்க, இந்த நீல நூல்தான் எக்ஸ்ரேல தெரியும்." துணிக்குள் பேரியம் கலந்த நூல் ஒன்றை ஓட்டி நெய்திருக்கிறார்கள், கணக்கு இடித்தால் மேசையிலேயே படம் எடுத்துத் தேடலாம். வெளிநாடுகளில் ஒவ்வொரு துணிக்கும் பார்கோடு ஒட்டி இயந்திரத்தில் எண்ணுகிறார்கள். சில இடங்களில் துணிக்குள் சிறு சில்லு வைத்து, நோயாளியின் மேல் ஒரு கோலை நகர்த்தினால் ஒலி எழுப்புகிறது என்றாள். எங்கள் நாடாவும் ஆர்ட்டரி இடுக்கியும் போய்ச் சேர்ந்த இடம் அது.

தோலில் மருந்து பூசும் வேலையும் சில தியேட்டர்களில் ஹோல்டரை விட்டுப் போய்விட்டது. நுனியில் நுரைப்பஞ்சு ஒட்டிய பிளாஸ்டிக் குச்சி, உள்ளேயே மருந்து. அழுத்தினால் ஊறும், பூசியதும் எறியலாம். அயோடினின் இடத்தில் குளோர்ஹெக்சிடினும் ஆல்கஹாலும் கலந்த கரைசல் வந்திருக்கிறது. 2010-ல் 849 பேரிடம் செய்த ஆய்வில் இந்தக் கரைசல் பூசப்பட்டவர்களில் 9.5 சதவீதம் பேருக்கும், அயோடின் பூசப்பட்டவர்களில் 16.1 சதவீதம் பேருக்கும் அறுவைப் புண்ணில் தொற்று வந்தது. துளை வழி அறுவையில் ஹோல்டருக்கு உள்ளே நுழைய வழியே இல்லை. உறிஞ்சுகுழாயும் மின்கத்தியும் துணியின் வேலையில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன.

ஆனாலும் பிரசவ அறையில் கர்ப்பப்பை வாய் கிழிந்து ரத்தம் கொட்டும்போது இன்றும் கை தேடுவது இதைத்தான். அந்த மெல்லிய சதையைக் கூர்முனை இடுக்கி கிழித்துவிடும். ஸ்பாஞ்ச் ஹோல்டரின் வளையம் அழுத்தத்தைப் பரப்பிப் பிடிக்கும். இரண்டு ஹோல்டர்களை மாற்றி மாற்றிப் பிடித்துக் கடிகாரம் சுற்றுவதுபோல் வாயின் விளிம்பை முழுக்கச் சுற்றிப் பார்ப்பார்கள். கிழிசல் எங்கே என்று தெரிந்துவிடும். துடைக்க வந்த கருவி தாயைக் காக்கும் வேலையைப் பிரசவ அறையில்தான் அதிகம் செய்திருக்கிறது.

தங்கை மகளிடம் ஒன்று கேட்டேன். "ஹோல்டர் பூட்டைத் தட்டிப் பார்க்கிறாயா?" அவள் யோசித்தாள். "கருவிகளைச் சுத்தம் பண்ற பிரிவுல பார்ப்பாங்க பெரியம்மா, பேக் பண்ணி வரும்." அவர்கள் பார்ப்பார்கள்தான். 134 டிகிரி நீராவி, நிறம் மாறும் நாடா, தேதி ஒட்டிய பை, எல்லாம் சரி. ஆனால் ஒரு பல் தேய்ந்திருப்பதை நீராவி சொல்லாது. மேசையில் விரித்ததும் நீயும் ஒருமுறை பூட்டிப் பார் என்று சொல்லி அனுப்பினேன். போன வாரம் பேசும்போது, தட்டியதில் ஒன்று திறந்துகொண்டது, ஒதுக்கி வைத்துவிட்டேன் என்றாள்.

இதைப் படிப்பவர்களில் பலர் என்றாவது தியேட்டர் வாசலில் காத்திருக்க நேரும். உள்ளே அறுவை முடிந்தது என்று சொன்ன பிறகும் கதவு திறக்கச் சற்று நேரமாகலாம். அப்போது கோபப்பட்டுக் கதவைத் தட்டாதீர்கள், யாரையும் அவசரப்படுத்தாதீர்கள். உள்ளே ஒரு பெண் துணிகளை ஒவ்வொன்றாக விரித்து எண்ணிக்கொண்டிருப்பாள். அவள் எண்ணி முடிக்கட்டும்.